கோட்டையைப் பார்க்கப் போனோம்

"சுற்றுலாவா? நமக்கா மிஸ்?"

2018ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், படுவான்கரைக் கிராமம் ஒன்றின் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இப்படிக் கேட்டார். கோழி வளர்ப்புக் கடன், வீட்டுத்தோட்டத்துக்கான விதை, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எல்லாம் பேசி முடித்திருந்தோம். "இந்த வருடம் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் எங்கேயாவது போய் வருவோமா?" என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். முதலில் மௌனம். பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

அந்தக் குழுவில் 22 பெண்கள். பெரும்பாலான வீடுகளில் குடும்பத் தலைவி அவர்கள்தான். கணவர் இறந்துவிட்டார் என்று சான்றிதழ் பெற்றவர்கள் இருந்தார்கள். அதைப் பெற மனமில்லாமல், "அவர் எங்கேயோ இருக்கிறார்" என்று காத்திருப்பவர்களும் இருந்தார்கள். மகனைத் தேடுபவர்களும் இருந்தார்கள். (அவர்கள் கேட்டுக்கொண்டபடி இந்தக் கட்டுரையில் யாருடைய பெயரையும், கிராமத்தின் பெயரையும் எழுதவில்லை.)

"சரி, நீங்கள் ஊரை விட்டு இதுவரை எங்கெங்கே போயிருக்கிறீர்கள்? ஒவ்வொருவரும் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றேன். ஒரு பெரிய தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி, கச்சேரி, பொலிஸ் நிலையம், செஞ்சிலுவைச் சங்க அலுவலகம், ஆணைக்குழு விசாரணை, இடம்பெயர்ந்தோர் முகாம், பூசா தடுப்பு முகாம். இன்னொரு பக்கத்தில் கோயில்கள்: கொக்கட்டிச்சோலை, மண்டூர், மாமாங்கம், கால்நடையாகக் கதிர்காமம்.

தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பார்த்தோம். ஒன்றில் மனுக் கொடுக்கப் போயிருக்கிறார்கள், இல்லையென்றால் நேர்த்தி வைக்கப் போயிருக்கிறார்கள். அரசிடமோ கடவுளிடமோ ஏதாவது கேட்கத்தான் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருக்கிறார்கள். சும்மா ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக, பார்த்துச் சந்தோசப்படுவதற்காக, ஒருத்தியும் எங்கேயும் போனதில்லை. நான் சொல்லாமலே அவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். "ஓம் மிஸ், நாம ஒண்டையும் பாக்கத்தான் போகல்ல" என்றார் முதலில் சிரித்த அதே அம்மா.

எங்கே போவது?

கண்டி, பாசிக்குடா என்றெல்லாம் பேச்சு வந்தது. பஸ் வாடகையைக் கணக்குப் பார்த்ததும் அந்த ஆசை அடங்கிவிட்டது. அப்போது ஒரு அக்கா, "வாவியால போவமா? போட்டில ஏறிக் கனகாலம்" என்றார். வாவி வழியாகப் போனால் எங்கே இறங்குவது? புளியந்தீவில் இறங்கலாம், கோட்டையைப் பார்க்கலாம், சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

புளியந்தீவு நம்முடைய மட்டக்களப்பு நகரத்தின் நடுப்பகுதிதான். பாலங்களின் மேலால் பஸ்ஸில் போய் வருவதால் அது ஒரு தீவு என்பதையே நாம் மறந்துவிட்டோம். புளியமரங்கள் நின்றதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். புளியன் என்ற வேடர் தலைவன் ஆண்டதால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

கிழமைக்கு 20 ரூபாய் வீதம் 12 கிழமை சேர்த்தோம். இரண்டு இஞ்சின் படகுகளை அமர்த்தினோம். எங்கள் கதையைக் கேட்ட படகுக்காரர் ஒருவர் எண்ணெய்க் காசு மட்டும் போதும் என்றுவிட்டார்.

காசை விடப் பெரிய தடை வேறொன்று. நாற்பது வயதுள்ள ஒரு அக்காவுக்கு மாமியாரிடமிருந்து அனுமதி கிடைக்கவில்லை. "புருசன் இல்லாதவளுக்கு என்னகா ஊர் சுத்தல்?" என்பது மாமியாரின் கேள்வி. அந்த மாமியாரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. காணாமற்போனது அவருடைய மகன். மருமகள் சிரித்துக்கொண்டு படகேறினால், மகன் இனி வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் மனம் பதறியிருக்கக்கூடும். கணவனை இழந்த பெண்ணைக் கல்யாண வீட்டிலும் காது குத்திலும் பின்வரிசைக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது. துக்கம் அவளுடைய கடமையாகவே ஆகிவிட்டது. நானும் குழுத் தலைவியும் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போனோம். மூன்றாம் தடவை, "நீங்களும் வாங்களன் அம்மா" என்று மாமியாரையே கூப்பிட்டோம். அவர் வரவில்லை. ஆனால் மருமகளைத் தடுக்கவும் இல்லை.

கடைசியில் 17 பேர் வந்தார்கள்.

வாவியின் மேல்

ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தோம். சேலைக்கு மேல் அந்தச் செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே பாதிச் சுற்றுலா முடிந்தது போலிருந்தது.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. கடலோரம் எழுவான்கரை, வயலும் குளமும் காடும் படுவான்கரை. இந்தப் பெயர்கள் அழகானவைதான். ஆனால் போர்க்காலத்தில் அவை இரண்டு நாடுகள் போல ஆகியிருந்தன. ஒரு கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் மறு கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த காலத்தில், துறையைக் கடப்பதென்றால் இரு பக்கமும் பதில் சொல்ல வேண்டும். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் காரணம் சொல்ல வேண்டும்.

மண்முனைப் பாலத்தைக் கண்டதும் பேச்சு தொடங்கியது. அந்தப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே பாதையில்தான் அக்கரை போவார்கள். பிரசவ வலியோடு பாதைக்காகக் காத்து நின்ற கதையை ஒரு அக்கா சொன்னார். இன்னொருவர், "நான் கடைசியாப் போட்டில ஏறினது 2007இல. ரெண்டு பிள்ளைகளும் ஒரு சோத்துப் பானையும். மறுகா இண்டைக்குத்தான்" என்றார். 2007 பங்குனியில் ஷெல் வீச்சுக்கு நடுவே படுவான்கரை மக்கள் ஆயிரம் ஆயிரமாக நகரப் பக்கத்து முகாம்களுக்கு வந்ததை நாம் அறிவோம்.

பிறகு பேச்சு குறைந்தது. கண்டல் மரங்கள், நீர்க்காகங்கள், தண்ணீரில் நட்ட வலைக்கம்புகள். தூரத்தில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசினார். "வாவி இவ்வளவு பெரிசா?" என்று ஒருத்தி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் பிறந்தது அதன் கரையில். அப்பா மீனவர். ஆனால் வாவியின் நடுவில் இருந்து தன் ஊரை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"எந்த மேசைக்குப் போகணும்?"

புளியந்தீவில் இறங்கிக் கோட்டை வாசலுக்கு நடந்தோம். அப்போது கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கோட்டைக்குள்தான் இயங்கிக்கொண்டிருந்தது. கிழமை நாள் என்பதால் வழக்கம் போலக் கோப்புகளோடும் கடிதங்களோடும் சனம் போய் வந்துகொண்டிருந்தது.

வாசலை நெருங்கியதும் ஒரு காட்சியைக் கண்டேன். "சுற்றுலாவா? நமக்கா?" என்று கேட்ட அம்மா தன் கைப்பையைத் திறந்து பொலித்தீன் உறை ஒன்றை எடுத்தார். அதற்குள் அடையாள அட்டை, மகனின் பிறப்புச் சான்றிதழின் பிரதி, பழைய முறைப்பாட்டுத் துண்டு. "எந்த மேசைக்குப் போகணும் மிஸ்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் அப்படியே அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. "அம்மா, இண்டைக்கு ஒரு மேசைக்கும் போகத் தேவையில்ல. மேல பாருங்க" என்றேன்.

மேலே பார்த்தார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் வாசலில் இருக்கிறது. இந்த வாசலால் எத்தனை தடவை போயிருப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவர் பத்து என்றார், ஒருவர் இருபதுக்கு மேல் என்றார். அந்தச் சின்னத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை. குனிந்த தலையோடும், கையில் இருக்கும் கடிதத்தில் என்ன குறை சொல்லப்படுமோ என்ற யோசனையோடும் போகிறவர்களுக்கு வாசலின் மேல் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நான் வாசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்புக்கு வந்து, இங்கிருந்து கண்டிக்குப் போய் அரசனைச் சந்தித்தான். 1628இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவில் கோட்டையைக் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே 18ஆம் திகதி, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதலாவது கோட்டை இதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

"அப்ப இதுக்குள்ளயும் சண்டதானா?" என்று கேட்டார் மாமியாரிடம் அனுமதி கேட்டு வந்த அக்கா. பிறகு, "அந்தச் சண்டையில செத்தவங்கட பொஞ்சாதிமாரும் எங்கயாவது அலைஞ்சிருப்பாளுகள், என்ன மிஸ்?" என்றார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் என் மனதில் எழாத கேள்வி அது. கோட்டை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை மட்டுமே நான் எழுதி வைத்திருந்தேன்.

கோட்டைக்கு நான்கு கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. மதிலின் தடிப்பைக் கையை விரித்து அளந்து பார்த்தார்கள். பழைய பீரங்கி ஒன்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். முதலில் வெட்கப்பட்டவர்கள் பிறகு, "என்னையும் எடுங்க", "நம்ம ரெண்டு பேரையும் எடுங்க" என்று வரிசையில் நின்றார்கள்.

மதிலின் மேலே நின்று வாவியைப் பார்த்தபோது, "நம்மட கரை எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். தெற்குப் பக்கமாகக் கையைக் காட்டினேன். அங்கிருந்து ஊர் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் அந்தப் பக்கமே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளைக்காரர் ஏன் பார்க்க வருகிறார்கள்?

அந்த நேரம் இரண்டு வெளிநாட்டவர் கமராவோடு வந்தார்கள். ஒரு வயதான கணவனும் மனைவியும். "இந்தப் பழஞ்சுவரப் பாக்கவா இவ்வளவு தூரம் வாறாங்க?" என்று ஒரு அக்காவுக்கு ஆச்சரியம்.

நான் மோல்டாவைப் பற்றிச் சொன்னேன். அது மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தீவு. பெரிய உல்லாசக் கப்பல்கள் அங்கே நின்று போகும். கப்பலில் வந்தவர்கள் சில மணித்தியாலம் இறங்கி, கோட்டைகளையும் மதில்களையும் பார்த்து, ஒரு தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவார்கள். அந்தத் தீவும் போரில் அடிபட்டதுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு மழை பொழிந்தது. சனம் சுரங்கங்களில் ஒளிந்திருந்தது. உணவுக்குப் பெரும் தட்டுப்பாடு. அந்த மக்களின் துணிவுக்காக 1942இல் இங்கிலாந்து மன்னர் தீவு முழுவதற்குமாக ஒரு வீரப் பதக்கத்தையே கொடுத்தார். இன்று அதே இடங்களை உலகம் பார்க்க வருகிறது.

"அந்த ஊர்ப் பொம்பிளையளும் போய்ப் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. போர் ஓய்ந்த பிறகு நம் மாவட்டத்துக்கும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்கு அறை துடைக்கவும் துணி துவைக்கவும் நம் பெண்கள் போகிறார்கள். பார்ப்பது அவர்கள், துடைப்பது நாங்கள் என்று இருந்துவிடலாமா? ஓர் ஊரில் கஷ்டப்பட்டு வாழ்ந்தவளுக்கு அந்த ஊரின் அழகைப் பார்க்கவும் உரித்து உண்டு.

படகிலேயே இருந்தவர்

எல்லோரும் கோட்டைக்குப் போனோம் என்று எழுதினால் அது பொய். ஒருவர் வரவில்லை. படகுக்காரரோடு படகிலேயே இருந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க மிஸ். நான் அதுக்குள்ள கனக்கப் போயிட்டன்" என்றார்.

அவருடைய கணவர் 1990இல் கொண்டுபோகப்பட்டவர். அந்த ஆண்டு புரட்டாதியில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்தவற்றை மட்டக்களப்பில் தெரியாதவர் இல்லை. அந்த வரலாற்றின் ஒரு சிறு துண்டு இந்த அம்மா. 28 வருடங்களாக எத்தனையோ ஆணைக்குழுக்களிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னவர்.

அவரை வற்புறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரைத் தனியே விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வோடுதான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால், அவர் சேலையை முழங்காலளவுக்கு இழுத்துக்கொண்டு, படகின் விளிம்பில் இருந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டிருந்தார். "மீன் குஞ்சு வந்து கடிக்குது புள்ள" என்றார். அன்று அவருடைய முகத்தில் இருந்தது என்ன என்று சொல்ல என்னிடம் சொல் இல்லை. அவர் பார்க்க வந்தது கோட்டையை அல்ல, வாவியை.

பாடும் மீனைக் கேட்காத ஊர்

சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட பின், படகுக்காரர் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனார். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும். பாடும் மீனுக்குப் பேர்போன இடம். நிலவு காலத்தில் இரவு நேரம் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைத்தால் வீணை நரம்பைத் தொட்டது போல ஒலி வரும் என்பார்கள். பாடுவது மீன் அல்ல, ஊரி என்பது மீனவர்களின் நம்பிக்கை. எமர்சன் ரெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1848இல் இங்கே வந்து அந்த ஒலியைக் கேட்டு, தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

"உங்களில் யார் கேட்டிருக்கிறீர்கள்?" என்றேன். 17 பேரில் ஒருவரும் கேட்டதில்லை. மீன்பாடும் தேனாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் இளமையாக இருந்த காலத்தில் இரவில் வாவியில் இறங்க முடியாது. ஊரடங்குச் சட்டம், மீன்பிடித் தடை, வெளிச்சம் கண்டால் வெடி. தலைமுறையே தன் வாவியின் பாட்டைக் கேளாமல் வளர்ந்துவிட்டது. போர் எங்களிடமிருந்து எடுத்தவற்றைக் கணக்கெடுக்கும்போது இதையும் ஒரு வரியாக யாராவது எழுத வேண்டும்.

பிறகு என்ன நடந்தது?

ஒருநாள் பயணத்தால் ஒருவருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. பொலித்தீன் உறைகள் பைகளில் அப்படியே இருக்கின்றன. காணாமற்போனோருக்காக 2016இல் சட்டம் வந்தது. ஆள் காணப்படவில்லை என்று சான்றிதழ் பெறும் வழியும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் தேடிய பிள்ளை வரவில்லை.

ஆனாலும் ஒரு மாற்றத்தைக் கண்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரித் தொடங்கியது. வழக்கமாகக் கூட்டம் தொடங்கினால் முதலில் வருவது முறைப்பாடு. அன்று வந்தது பீரங்கியடியில் எடுத்த படம். மாமியார் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார் என்று மருமகள் சொன்னார். நிவாரணம் எடுக்கப் போன இடத்தில் தலை குனிந்து நின்றவர்கள், அதே இடத்தில் தலை நிமிர்ந்து சின்னத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றுப்படுத்தல் என்பது அறைக்குள் இருந்து பேசுவது மட்டுமல்ல என்று அந்தப் படம் எனக்குச் சொன்னது.

2024இல் திராய்மடுவில் மாவட்டச் செயலகத்துக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இனிக் கோட்டைக்கு வருபவர்களில் மனுக் கொடுக்க வருபவர்களை விடப் பார்க்க வருபவர்களே கூடுதலாக இருப்பார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்து போன ஆண்டுகள் அங்கே சொல்லப்படும். கையில் பொலித்தீன் உறையோடு நம் பெண்கள் அந்த வாசலால் போய் வந்த ஆண்டுகளும் அந்தக் கோட்டையின் வரலாறுதான். அதை அவர்களேதான் சொல்ல வேண்டும்.

நீங்களும் போகலாம், தோழிகளே. எங்கள் அனுபவத்தில் சில விடயங்களைச் சொல்கிறேன். இடத்தை எல்லோரும் கூடி முடிவெடுங்கள். மாரி காலத்தில் வாவிப் பயணம் வேண்டாம். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம். இறங்கும் இடத்தில் மலசலகூடம் இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். இதை விசாரிக்காமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிறு பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். இறங்க விரும்பாதவரைப் படகிலேயே இருக்க விடுங்கள்.

எங்கள் குழு இப்போது மறுபடி கிழமைக்காசு சேர்க்கிறது. இந்த முறை பகலில் அல்ல, பறுவத்தன்று இரவு. ஒரு துடுப்பு போதாது, ஆளுக்கொன்று வேண்டும் என்று படகுக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.